புதுப்பிப்பு: ஊரடங்கில் தொடங்கிய பதற்றம், இப்போது எப்படி இருக்கிறது

ஊரடங்கு நாட்களில் தூக்கம் வராமல், நள்ளிரவில் திடீரென்று மூச்சு முட்டி, இது கொரோனாவா பதற்றமா என்று தெரியாமல் தவிப்பதாக முன்பு எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நுரையீரலில் கோளாறு இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னபிறகு, காணொளி வழியே ஒரு மனநல ஆலோசகரிடம் பேசி வருகிறேன். எனக்கு வந்தது பீதித் தாக்கு (panic attack), அதாவது திடீரென்று கிளம்பி உடலையே உலுக்கும் கடும் பயம். அது பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். இது தெரிந்ததே பாதி நிம்மதி! இப்போதெல்லாம் அது வந்தால், மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் விரல் நுனி மரத்துப்போகும், அதுவும் மெல்ல அடங்கிவிடுகிறது.

தூக்கத்துக்கு அவர் சொன்ன வழி வேறு. சுமார் 20 நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லையா, படுக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் எதையாவது படித்துவிட்டு, கண் சொக்கினால்தான் திரும்பப் படுக்கலாம். காலையில் எழும் நேரம் மட்டும் மாறவே கூடாது. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் பலன் தெரிகிறது. அப்புறம், செய்தி பார்ப்பது ஒரு வேளைதான்.

மனத்திடம் இல்லாததால்தான் இப்படி என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அத்தனை பேருக்குமா திடமில்லை?

கூட்டமான இடங்களுக்குப் போகும் பயம் இன்னும் இருக்கிறது. அடுத்து அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகப் போகிறோம்.