ஜேம்ஸ் மில்னரின் ஆட்டக் கணக்கு: தளத்துக்குத் தளம் எண் மாறுவது ஏன்?

இடதுகால்_11 கேட்டது:

இங்கிலாந்து மிட்ஃபீல்டர் (நடுக்கள வீரர்) ஜேம்ஸ் மில்னர் பற்றி ஒரு முழுக் குறிப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. லீட்ஸில் தொடங்கி 2023-ல் லிவர்பூலை விட்டுக் கிளம்பியது வரை ஒரே அட்டவணையில் வர வேண்டும். எண்கள்தான் ஒத்துவரவில்லை. ஒரு தளத்தில் 619 ஆட்டம் என்று இருக்கிறது, இன்னொன்றில் கூட்டினால் 625 வருகிறது. லிவர்பூலுக்கு மட்டும் 230 என்று ஒருவர், 332 என்று இன்னொருவர். ஆஸ்டன் வில்லா இரண்டு வரிசையில் வருகிறது. 2010-11 சீசனில் இரண்டு கிளப்.

இதில் எதை எடுப்பது? லோன் (தற்காலிகமாக வேறு கிளப்புக்குப் போய் ஆடுவது) ஆட்டங்களை எந்தக் கிளப்பின் கணக்கில் வைப்பது? டிரான்ஸ்ஃபர் தொகையை எப்படி எழுதுவது? ஒரு முழு சீசன் லெஃப்ட் பேக் (இடதுபக்கத் தடுப்பாளர்) ஆடியவரை மிட்ஃபீல்டர் என்றே எழுதலாமா?

கார்னர்கொடி:

நீங்கள் சொன்ன நான்கு எண்ணுமே சரிதான். நான்கும் வேறு வேறு கேள்விக்கான பதில். இங்கிலாந்து வீரரின் கணக்கில் குறைந்தது ஐந்து பெட்டிகள் உண்டு: லீக், எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, ஐரோப்பியப் போட்டிகள், மற்றவை. கம்யூனிட்டி ஷீல்டு, கிளப் உலகக் கோப்பை, கீழ் டிவிஷன்களின் பிளே-ஆஃப் (மேல் டிவிஷனுக்கு ஏறுவது யார் என்று தீர்மானிக்கும் ஆட்டங்கள்), இ.எஃப்.எல். டிராஃபி (கீழ் டிவிஷன்களுக்கான கோப்பை) எல்லாம் "மற்றவை"யில் போகும். யூஃபா (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) சூப்பர் கோப்பையைச் சிலர் ஐரோப்பாவில் சேர்ப்பார்கள், சிலர் மற்றவையில். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை மாற்றாமல் இருங்கள்.

லீக் பெட்டியை மட்டும் முதலில் நிரப்புங்கள்:

லீட்ஸ் 48 ஆட்டம், 5 கோல்
ஸ்விண்டன் (லோன்) 6, 2
நியூகாசில் 94, 6
வில்லா (லோன், 2005-06) 27, 1
வில்லா (2008 முதல் 2010 வரை) 73, 11
மான்செஸ்டர் சிட்டி 147, 13
லிவர்பூல் 230, 19

மொத்தம் 625 ஆட்டம், 57 கோல். ஸ்விண்டனின் 6-ஐயும் 2-ஐயும் கழித்தால் 619 ஆட்டம், 55 கோல். முதலாவது இங்கிலாந்து லீக் ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு, இரண்டாவது பிரீமியர் லீக் மட்டும். 2003-04-ல் ஸ்விண்டன் ஆடியது "செகண்ட் டிவிஷன்". பெயரில் இரண்டு இருந்தாலும் அது மூன்றாம் நிலை. 1992-ல் பிரீமியர் லீக் தனியாகப் பிரிந்ததும் கீழே உள்ள பெயர்களெல்லாம் ஒரு படி ஏறிவிட்டன. சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்ற இப்போதைய பெயர்கள் 2004-ல்தான் வந்தன. ஆகவே "மில்னர் இரண்டாம் நிலையில் ஆடினார்" என்று எழுதிவிடாதீர்கள்.

230-க்கும் 332-க்கும் விடை இதேதான். 230 லீக், 332 எல்லாப் போட்டிகளும். மிச்சம் 102 ஆட்டம் கோப்பைகளிலும் ஐரோப்பாவிலும் வந்தது. விக்கிப்பீடியாவில் வீரர் பெயருக்குக் கீழே வரும் சிறு பெட்டி உள்நாட்டு லீக் ஆட்டங்களை மட்டும் காட்டும், கிளப்பின் சொந்தத் தளம் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். இணையத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தால்தான்.

2010-11-க்கு இரண்டு வரி போடுங்கள். ஆகஸ்ட் 14 அன்று வில்லாவுக்காக வெஸ்ட் ஹாமுக்கு எதிராக ஆடி ஒரு கோலும் அடித்தார். ஆகஸ்ட் 23 அன்று சிட்டிக்காக லிவர்பூலுக்கு எதிராக இறங்கினார். சீசன் வாரியாக ஒரே வரி என்று அட்டவணை போட்டால் அந்த ஒற்றை வில்லா ஆட்டமும் கோலும் காணாமல் போய், கூட்டலில் 72, 10 என்று வந்து நிற்கும். நிறைய இடங்களில் பார்க்கலாம்.

எட்டாம்நம்பர்:

லோன், தொகை பற்றி.

லோனில் ஆடிய ஆட்டம் ஆடிய கிளப்புக்கே சேரும், சொந்தக் கிளப்புக்குச் சேராது. 2005-06-ன் 27 ஆட்டம் வில்லாவுடையது. அந்த சீசனில் நியூகாசில் கணக்கில் அதைச் சேர்த்தால் இரட்டை எண்ணிக்கை ஆகிவிடும். வில்லாவின் இரண்டு காலத்தையும் ஒரே வரியில் "100 ஆட்டம்" என்று சேர்க்கவும் கூடாது. லோன் ஒப்பந்தம் வேறு, 2008-ல் சுமார் 1.2 கோடி பவுண்டுக்கு வாங்கியது வேறு. வேண்டுமானால் அடிக்குறிப்பில் கூட்டுத்தொகை போடலாம்.

"லோன்" என்று செய்தியில் வந்தாலே நம்ப வேண்டாம் என்பதற்கு இன்னொரு இங்கிலாந்து மிட்ஃபீல்டரான ஃபிராங்க் லம்பார்டின் 2014-15 நல்ல உதாரணம். நியூயார்க் சிட்டியிலிருந்து மான்செஸ்டர் சிட்டிக்கு லோன் என்று உலகமே எழுதியது. 2015 ஜனவரியில்தான் அவர் மான்செஸ்டர் சிட்டியுடன் நேரடி ஒப்பந்தத்தில் இருந்தது வெளியே தெரிந்தது. ஆடிய 32 லீக் ஆட்டமும் 6 கோலும் மாறவில்லை, பக்கத்தில் இருக்கும் "லோன்" என்ற சொல்லைத்தான் நீக்க வேண்டும். அவருடைய 1995-96 ஸ்வான்சீ லோன் (9 ஆட்டம், 1 கோல்) உண்மையான லோன்.

தொகை விஷயத்தில் மூன்று வகையைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கிளப் அறிவித்தது, செய்திகளில் வந்தது, வெளியிடப்படாதது. பெரும்பாலானவை இரண்டாம் வகை. அதனால் "சுமார்" இல்லாமல் எழுதாதீர்கள். 2010-ல் மில்னர் சிட்டிக்குப் போனபோது சொல்லப்பட்ட 2.6 கோடி பவுண்ட் முழுவதும் ரொக்கம் அல்ல. சிட்டி வீரர் ஸ்டீபன் அயர்லாந்து வில்லாவுக்குப் போனதன் மதிப்பும் அதற்குள் இருக்கிறது. குறிப்பில் "அயர்லாந்து மாற்றாகச் சென்றது உட்பட" என்று சேர்த்தால் போதும். பின்னால் ஆட்டங்கள், கோப்பைகளைப் பொறுத்துக் கூடும் தொகையையும் சில தளங்கள் முதல் தொகையோடு சேர்த்துவிடும். ஒரே டிரான்ஸ்ஃபருக்கு இரண்டு விலை தெரிவது பெரும்பாலும் இதனால்.

2015 லிவர்பூல், 2023 பிரைட்டன் இரண்டும் ஒப்பந்தம் முடிந்தபின் இலவசமாகப் போனது. இங்கே தேதிதான் வழுக்கும். அறிவிப்பு ஜூன் மாதமே வந்துவிடும், பழைய ஒப்பந்தமோ ஜூன் 30 வரை உயிரோடு இருக்கும். அட்டவணையில் ஜூலை 1 என்று போடுங்கள், அறிவிப்பு நாளைப் பத்தியில் சொல்லுங்கள்.

இன்னொன்று. "ஒப்பந்தம் முடிந்தது, ஆகவே இலவசம்" என்பது எல்லா வயதுக்கும் பொருந்தாது. 24 வயதுக்குக் கீழே இருப்பவரை அவர் இருந்த கிளப் தக்கவைக்க முன்வந்திருந்தால், வாங்கும் கிளப் ஈட்டுத்தொகை தர வேண்டும். பேசித் தீராவிட்டால் தீர்ப்பாயம் தொகையை முடிவு செய்யும். அதே 2015 கோடையில் டேனி இங்ஸும் ஒப்பந்தம் முடிந்தே பர்ன்லியிலிருந்து லிவர்பூலுக்குப் போனார். தீர்ப்பாயம் வைத்த அடிப்படைத் தொகை 65 லட்சம் பவுண்ட். மில்னருக்கு அப்போது 29 வயது, அதனால் ஒன்றுமில்லை.

இடதுகால்_11:

625 விளங்கிவிட்டது, நன்றி. இன்னும் இரண்டு. அசிஸ்ட் எண்ணிக்கையும் தளத்துக்குத் தளம் வேறாக இருக்கிறது. "இளம் வயதில் கோல் அடித்தவர்" என்பதில் வயதை நாள் கணக்கில் எப்படிச் சொல்வது? 16 வயதில் தொழில்முறை வீரராக ஆட முடியுமா என்பதும் குழப்பம்.

வலைக்குப்பின்னால்:

அசிஸ்ட் என்பது கோல் மாதிரி ஆட்ட விதியில் இருக்கும் சங்கதி அல்ல, புள்ளிவிவர நிறுவனங்கள் வைத்துக்கொண்ட வரையறை. அதிகாரபூர்வக் கணக்கில் கோல் அடித்தவருக்குப் பந்தைக் கொடுத்த கடைசித் தொடுதலே அசிஸ்ட். ரசிகர்கள் கற்பனை அணி அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஃபேன்டசி ஆட்டத்தில் பெனால்டி வாங்கிக் கொடுத்தவருக்கும், கோல்கீப்பர் தடுத்துத் திரும்பிய பந்தை இன்னொருவர் உள்ளே தள்ளினால் முதலில் அடித்தவருக்கும் அசிஸ்ட் உண்டு. மிட்ஃபீல்டருக்கு இந்த வித்தியாசம் ஒரு சீசனில் நன்றாகவே தெரியும். ஆகவே ஒரே மூலத்திலிருந்து எடுங்கள், இரண்டைக் கலக்காதீர்கள். 2017-18 சாம்பியன்ஸ் லீக்கில் மில்னருக்கு 9 அசிஸ்ட், அப்போது அது ஒரு சீசனுக்கான சாதனை. யூஃபா கணக்கு என்று பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.

கோலிலும் ஒரு பிரிவு வேண்டும்: பெனால்டி எத்தனை, மற்றவை எத்தனை. 2016-17-ல் மில்னர் லீக்கில் 36 ஆட்டத்தில் 7 கோல். ஏழுமே பெனால்டி. வெறும் 7 என்று போட்டால் படிப்பவர் அவர் முன்னால் ஏறி அடித்தார் என்று நினைப்பார். அந்த சீசனில்தான் அவர் பெரும்பாலும் லெஃப்ட் பேக். பெனால்டி தடுக்கப்பட்டுத் திரும்பி வந்த பந்தை அடித்தவரே உள்ளே போட்டால் அது பெனால்டி கோல் ஆகாது, சாதாரணக் கோல்தான். இதையும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் லெஃப்ட் பேக் கேள்வி: தலைப்பில் மிட்ஃபீல்டர் என்றே விடுங்கள். சீசன் வரிசைக்குப் பக்கத்தில் "முதன்மை இடம்" என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் தீர்ந்தது. விங்கில் தொடங்கி, வில்லாவில் நடுக்களத்துக்கு நகர்ந்து, லிவர்பூலில் பின்வரிசைக்கும் போனவரை ஒரே சொல்லில் அடைப்பதுதான் தவறு. அவரைப் பற்றி எழுத இருப்பதே அதுதானே.

வயதுக் கணக்கு: கடைசிப் பிறந்தநாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணுங்கள். மில்னர் பிறந்தது 1986 ஜனவரி 4. சண்டர்லாந்துக்கு எதிராக லீட்ஸுக்குக் கோல் அடித்தது 2002 டிசம்பர் 26. 2002 ஜனவரி 4-லிருந்து 356 நாள், ஆக 16 வயது 356 நாள். எவர்ட்டனின் வெய்ன் ரூனி பிறந்தது 1985 அக்டோபர் 24, ஆர்சனலுக்கு எதிரான கோல் 2002 அக்டோபர் 19, 16 வயது 360 நாள். ஆகவே பிரீமியர் லீக்கில் மிக இளம் வயதில் கோல் அடித்தவர் என்ற ரூனியின் சாதனையை மில்னர் நான்கு நாளில் முந்தினார். அதை 2005 ஏப்ரல் 10 அன்று எவர்ட்டனின் ஜேம்ஸ் வான் 16 வயது 270 நாளில் முறியடித்தார். பிறந்தநாளை முதல் நாளாக எண்ணினால் எல்லாமே ஒன்று கூடும். தளங்களுக்கிடையே ஒரு நாள் வித்தியாசம் தெரிந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

16 வயது: இங்கிலாந்தில் பள்ளி முடிக்கும் வயதில் அகாடமி வீரர் வழக்கமாக இரண்டு ஆண்டு ஸ்காலர்ஷிப்பில் (பயிற்சி ஒப்பந்தம்) சேருவார். தொழில்முறை ஒப்பந்தம் 17 வயது நிறைந்த பிறகே போட முடியும். முதல் அணியில் ஆட அந்த ஒப்பந்தம் கட்டாயமில்லை. ஆகவே "முதல் ஆட்டம்", "முதல் தொழில்முறை ஒப்பந்தம்" என்று இரண்டு தேதி வரும், முதலாவது முன்னால் வந்தால் பயப்பட வேண்டாம்.

கார்னர்கொடி:

நாட்டு ஆட்டங்களையும் கிளப் மொத்தத்தோடு கூட்டாதீர்கள். மில்னருக்கு இங்கிலாந்து சீனியர் அணியில் 61 கேப் (நாட்டுக்காக ஆடிய ஆட்டம்), ஒரே கோல் (2012-ல் மால்டோவாவுக்கு எதிராக). 21 வயதுக்குட்பட்டோர் அணியில் 46, அந்த அணியில் அதுதான் சாதனை. 107 என்று ஒரு எண் எங்காவது கண்ணில் பட்டால் அது இரண்டையும் கூட்டியது, அதற்கு மதிப்பில்லை.

பெஞ்ச்_ஓரம்:

கீழ் டிவிஷனில் ஆடிய மிட்ஃபீல்டர் என்றால் பிளே-ஆஃப் ஆட்டங்களை லீக்கில் சேர்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். பிரமோஷனைத் தீர்மானிப்பதே அதுதான், "மற்றவை"யில் போட்டால் அடிபட்டுப் போகிறது.

கார்னர்கொடி:

ஆட்டத்தின் கனம் வேறு, கணக்கு வேறு. பிளே-ஆஃபில் அடித்த கோல் லீக் கோல் பட்டியலில் வராது. நீங்கள் சேர்த்தால் உங்கள் எண் எந்த ஆவணத்தோடும் பொருந்தாது. தனி நெடுவரிசை போட்டு தடித்த எழுத்தில் காட்டுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

இளம் வீரர்களிடம் இன்னொரு பொறி இருக்கிறது. 2016-17 முதல் பிரீமியர் லீக் கிளப்களின் 21 வயதுக்குட்பட்ட அணிகள் இ.எஃப்.எல். டிராஃபியில் ஆடுகின்றன. அதில் இறங்கியவருக்கு அது கிளப்பின் முதல் அணி ஆட்டம் ஆகாது. "அணி 21" என்று தனி வரியில் போட வேண்டும்.

எட்டாம்நம்பர்:

பதக்கத்துக்கும் ஒரு வரம்பு உண்டு, விருதுப் பட்டியல் எழுதும்போது உதவும். பிரீமியர் லீக் வென்ற அணியில் 2011-12 வரை 10 லீக் ஆட்டம் ஆடியவருக்குப் பதக்கம் நிச்சயம், 2012-13 முதல் 5 போதும். மில்னருக்கு 2012, 2014, 2020 மூன்றிலும் சிக்கலில்லை. அதே அணிகளில் இரண்டு மூன்று முறை மட்டும் இறங்கியவர்களைப் பற்றி எழுதும்போது பாருங்கள்.

வலைக்குப்பின்னால்:

பழைய காலத்து மிட்ஃபீல்டர்களோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால்: லீகில் மாற்று வீரர் என்பதே 1965-66-ல்தான் வந்தது, முதலில் காயத்துக்கு மட்டும். இப்போது பிரீமியர் லீகில் ஐந்து பேரை மாற்றலாம், 2022-23 முதல். ஆகவே தொடக்கத்தில் இறங்கியதையும் மாற்றாக இறங்கியதையும் "30+8" என்று பிரித்து எழுதுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து இறங்காமல் இருந்தது ஆட்டமே அல்ல. போருக்கு முன் ஆடியவர் என்றால் 1939-40-ல் கைவிடப்பட்ட சீசனின் தொடக்க ஆட்டங்களை அதிகாரபூர்வக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், சில புத்தகங்கள் மட்டும் அவற்றைச் சேர்த்து எண்ணும்.

சரிபார்ப்புக்கு ஒரு வழி: சீசன் வாரியாக லீக் எண்ணைக் கீழ்நோக்கிக் கூட்டுங்கள், கிளப் வாரியாக இன்னொரு முறை கூட்டுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் முதலில் கிளப் மாறிய சீசன்களைத் திறந்து பாருங்கள். மில்னருக்கு 2003-04, 2005-06, 2008-09, 2010-11 நான்கும்.