தண்ணீர்ப் பையின் குழாய்க்குள் நூல் கோத்த அனுபவம்

முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்த கையோடு, அதில் உறிஞ்சிக் குடிக்கிற குழாயை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நான் ஒன்றரை வருடம் பார்க்கவே இல்லை.

கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏறுகிற ஆள் நான். 70 கொண்டை ஊசி வளைவு, நடுவில் நிறுத்திப் பாட்டிலைத் திறந்தால் மறுபடி மிதிக்கக் கால் வராது, அதற்காகவே இந்தப் பையை வாங்கினேன். போன மாதம் பாதி மலையில் ஒரு வாய் உறிஞ்சியதும் நாக்கில் வழவழப்பாக ஏதோ ஒட்டியது. துப்பிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில், ஆறின கஞ்சிமேல் படிகிற ஆடை மாதிரி ஒரு துணுக்கு. மேலே போக மனசே வரவில்லை, அங்கேயே திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பை சுத்தமாகத்தான் இருந்தது, அதற்குள் கை போகும், வாராவாரம் தேய்த்துக் கழுவுகிறேன். குழாயில்தான் வினை. வாயில் கடிக்கிற முனைக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புப் புள்ளிகள். எலுமிச்சை, சர்க்கரை, உப்பு போட்ட தண்ணீரைத்தான் எப்போதும் நிரப்புவேன், பூஞ்சைக்கு அதைவிட நல்ல சாப்பாடு வேறென்ன வேண்டும்? குழாய் ஒரு மீட்டர் நீளம், உள் துவாரம் 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். உள்ளே நின்ற தண்ணீர் தானாக வடியாது, காற்றும் புகாது. சோப்புத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் குலுக்கினேன், ஒரு புள்ளிகூட அசையவில்லை. அந்த வழவழப்பை ஏதாவது உரசினால்தான் வரும்.

இதற்கென்றே நீளமான பிரஷ் விற்கிறார்கள், நான் பார்த்தது 800 ரூபாய். வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா குழாயை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாவாடைக்கு நாடா கோக்குற மாதிரிதானேடா, இதுக்கு எதுக்கு 800 ரூபா?" என்றார்.

வாயில் கடிக்கிற முனையான பைட் வால்வைக் கழற்றினார். குழாயை ஜன்னல் கம்பியில் நேராகத் தொங்கவிட்டார். பூக்கட்டும் நூலின் நுனியில் குழாய்க்குள் தாராளமாக இறங்கும் அளவுக்கு ஒரு பாசிமணியைக் கட்டி மேல்வாயில் விட்டு, டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். நடுவில் ஒருமுறை நின்றது, குழாயைச் சுண்டினார், மறுபடி இறங்கி, மணி கீழே பக்கெட்டில் டிக்கென்று விழுந்தது. மேல் நுனியில் பழைய பனியன் துணியைச் சுண்டுவிரல் நகம் அகலத்துக்குக் கிழித்துக் கட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, கீழிருந்து மெதுவாக இழுத்தார். வெள்ளைத் துணி பழுப்பாக வந்தது, நுனியில் கறுப்புக் கோழை. துணியை மாற்றி மாற்றி ஆறு தடவை இழுத்த பிறகுதான் வெள்ளையாக வெளியே வந்தது. செலவு ஒன்றுமில்லை. நீங்கள் எப்படிக் கழுவுகிறீர்கள் என்று எழுதுங்கள்.

*

தம்பி, அம்மா சொன்ன வழி சரியான வழி. நான் தூத்துக்குடி, எங்கள் பக்கம் நூலுக்குப் பதில் மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பு. கொஞ்சம் தடிமனானது கேட்டு வாங்கினால் மணியே வேண்டாம், விறைப்பாக இருப்பதால் தள்ளினாலே போய்விடும். சுருட்டிக்கொண்டு நின்றால் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு இழுத்து நீட்டுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். நான் முதல் தடவை ஆசைப்பட்டுத் துணியைப் பெரிதாகக் கட்டி இழுத்தேன், பாதி வழியில் சிக்கி முடிச்சு அவிழ்ந்துவிட்டது. துணி உள்ளே, நரம்பு என் கையில். சைக்கிள் பம்ப் வைத்து அடித்தும் வரவில்லை, கடைசியில் குழாயை வெட்ட வேண்டியதாயிற்று. அதிலிருந்து துணியை நரம்பின் நடுவில்தான் கட்டுகிறேன். இரண்டு பக்கமும் நரம்பு நீட்டிக்கொண்டிருந்தால், இறுகும்போது பின்னால் இழுத்துக்கொள்ளலாம், ரம்பம் அறுப்பது போல அங்கேயே முன்னும் பின்னும் தேய்க்கவும் வசதி.

*

நான் மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை செய்கிறேன், வருடா வருடம் வெள்ளியங்கிரி ஏறுகிறேன். எங்கள் பிரிவில் முதல் நாளே சொல்லித் தருவது: முதலில் தேய், பிறகுதான் மருந்து. வழவழப்பு என்று நீங்கள் சொல்வது கிருமிகள் தங்களைச் சுற்றித் தாங்களே கட்டிக்கொள்கிற படலம். அது இருக்கும்வரை எந்த மருந்து ஊற்றினாலும் மேலோடு போய்விடும்.

துணி வெள்ளையாக வந்த பிறகு, வாசனை கலக்காத ப்ளீச் திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சின்ன ஸ்பூன் கலந்து, குழாய் முழுக்க நிரப்பி அரை மணி நேரம் வையுங்கள். அப்புறம் வாசனை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ப்ளீச் பிடிக்காதவர்கள் ஆப்ப சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற வைக்கலாம், நாற்றம் போகும், ஆனால் கிருமியைக் கொல்வதில் ப்ளீச் அளவுக்கு வராது. போர் தண்ணீர் உப்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறு. தயவுசெய்து ப்ளீச்சோடு எலுமிச்சையோ வினிகரோ சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடின குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. சோடாவையும் எலுமிச்சையையும் ஒன்றாகப் போட்டால் ஆபத்தில்லை, நுரைத்து ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், அவ்வளவுதான், பலன் இல்லை.

கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம். நான் ஊற்றி, குழாய் தொளதொளத்துப் பையோடு சேரும் இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. கை பொறுக்கிற சூடு போதும்.

இந்தப் பை பிறந்ததே ட்ரிப்ஸ் பையிலிருந்துதான் தெரியுமா? 1980களின் கடைசியில் டெக்சாஸில், விச்சிட்டா ஃபால்ஸில் நடக்கும் 100 மைல் கோடைச் சைக்கிள் ஓட்டத்துக்கு, ஆம்புலன்ஸ் பணியாளரான மைக்கேல் ஈட்சன் ஒரு ட்ரிப்ஸ் பையில் தண்ணீர் நிரப்பிக் காலுறைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டார். அதுதான் கேமல்பேக் என்ற தண்ணீர்ப் பை ஆனது. நாங்கள் ட்ரிப்ஸ் குழாயை ஒரு நோயாளிக்குப் பிறகு தூக்கிப் போட்டுவிடுவோம். நீங்கள் வருடக்கணக்கில் அதே குழாயில் குடிக்கிறீர்கள், அதனால் இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

*

ரொம்ப நன்றி அக்கா, ப்ளீச் அளவைக் குறித்து வைத்துக்கொண்டேன். நரம்பு யோசனைக்கும் நன்றி அண்ணா.

இப்போது சர்க்கரைத் தண்ணீரைத் தனி பாட்டிலில் கொண்டுபோகிறேன், பையில் வெறும் தண்ணீர்தான். குடித்து முடித்ததும் ஒரு ஊது ஊதிக் குழாயில் நிற்கிற தண்ணீரைப் பைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் குழாயின் ஒரு முனையைப் பிடித்துக் கவண் மாதிரி பத்துச் சுற்று, உள்ளே இருக்கிற துளியெல்லாம் தெறித்துவிடும். அப்புறம் நேராகத் தொங்கவிடுவேன். காய நேரமில்லாத நாளில் குழாயைச் சுருட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன், அந்தக் குளிரில் பூஞ்சை வளராது.

*

கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறதே, பழையதைத் தூக்கிப் போட்டு அதை மாட்டிக்கொள்ளலாமா?

*

வேண்டாம். அது குடிதண்ணீருக்கென்று செய்ததில்லை, முகர்ந்து பாருங்கள், புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும். பழைய குழாயையே நூல் விட்டு இழுங்கள்.