அமைதிப்படை விவாதம்: யார் அனுப்பினார், யார் திரும்ப அழைத்தார், எத்தனை பேர்?

பாமணியாறு (மன்னார்குடி) கேட்டது:

எங்க வாசகர் வட்டத்துல வர்ற ஞாயிறு விவாதம். தலைப்பு, இலங்கையில் இந்திய அமைதிப்படை. ரெண்டு பக்கத்துக் கட்சிக்காரங்களும் வர்றாங்க, வாட்ஸப் குழுவுல இப்பவே அடிதடி தொடங்கியாச்சு. ஒரு தரப்பு: "ஜெயிக்கப்போற நேரத்துல வி.பி.சிங்கும் கலைஞரும் சேர்ந்து படையை வாபஸ் வாங்கிட்டாங்க." எதிர்த்தரப்பு: "ராஜீவ் தன்னிச்சையா அனுப்பினார், தமிழ்நாட்டுல ஒருத்தர்கூட ஒத்துக்கல." மூணாவதா ஒரு கோஷ்டி, ஆள் பத்தாததுதான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லுது. எண்ணிக்கை கேட்டா 6,000, 50,000, 80,000, 1 லட்சம்னு ஆளுக்கொன்னு. நடுவர் நாற்காலி எனக்கு. எதை எதோட வச்சுச் சரிபார்க்கணும்?

குடமுருட்டி:

ஒரு தாளை எடுத்து மூணு பத்தி போடுங்க: தேதி, அன்னிக்கு டெல்லியில யார், சென்னையில யார். எந்தக் குற்றச்சாட்டு வந்தாலும் அதுல வச்சுப் பாருங்க, பாதி அங்கேயே விழுந்துடும்.

படை போறதுக்கு அடிப்படையான இந்திய-இலங்கை ஒப்பந்தம் கொழும்புல கையெழுத்தானது 1987 ஜூலை 29. டெல்லியில ராஜீவ், சென்னையில எம்.ஜி.ஆர். பாதுகாப்பு அமைச்சர் கே.சி.பந்த், வி.பி.சிங் அந்தப் பதவியை ஏப்ரல்லயே விட்டுட்டுப் போயிட்டார். ஆகஸ்ட் 2 மெரினாக் கூட்டத்துல ராஜீவோட எம்.ஜி.ஆரும் மேடையில இருந்தார். அதனால "ஒருத்தர்கூட ஒத்துக்கல" நிக்காது. தி.மு.க. எதிர்த்தது உண்மை, ஆனா அப்ப அது எதிர்க்கட்சி.

புலிகளோட சண்டை மூண்டது அக்டோபர் 10 வாக்குல. டிசம்பர் 24ல எம்.ஜி.ஆர். காலமானார். 1988 ஜனவரி 30ல ஜானகி அம்மாள் அமைச்சரவை கலைஞ்சு, அப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம் குடியரசுத் தலைவர் ஆட்சி. கலைஞர் பதவியேத்தது 1989 ஜனவரி 27. படை போனது, யாழ்ப்பாணத்தைப் பிடிச்சது, நாலு டிவிஷனா வளர்ந்தது எல்லாம் அதுக்கு முன்னாடி.

வாபஸ் கதைக்கு வருவோம். 1989 ஜூன் 1ல இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா, ஜூலை 29க்குள்ள படை வெளியேறணும்னு கேட்டார். அந்த ஜூலை 29 அன்னிக்கு சுமார் 600 பேர் கொண்ட முதல் அணி கிளம்புச்சு. செப்டம்பர் 18ல ரெண்டு அரசும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தாங்க: 20ம் தேதியிலிருந்து தாக்குதல் நடவடிக்கை நிறுத்தம், டிசம்பர் 31க்குள்ள முழுசாத் திரும்ப முயற்சி. இது மொத்தமும் ராஜீவ் அரசு செஞ்சது. வி.பி.சிங் பிரதமரானது டிசம்பர் 2. கடைசி அணி திருகோணமலையை விட்டது 1990 மார்ச் 24. அதாவது ராஜீவ் அரசு ஒத்துக்கிட்ட கெடுவைத் தாண்டித்தான் வி.பி.சிங் காலத்துல படை வந்து சேர்ந்துச்சு. அவசரப்பட்டு இழுத்துட்டார்னு பேசுறவர்கிட்ட இந்த ரெண்டு தேதியையும் அடுத்தடுத்துப் படிச்சுக் காட்டுங்க.

கோடியக்கரைக் காத்து:

எண்ணிக்கையில ஆளாளுக்கு வேற வேற பொருளை எண்ணுறாங்க, அதான் குழப்பம். யாராவது ஒரு எண் சொன்னா மூணு கேள்வி கேளுங்க: எந்த மாசம்? ஒரே நேரத்துல இருந்தவங்களா, மாறி மாறிப் போயிட்டு வந்த எல்லாருமா? துப்பாக்கி ஏந்தி ரோந்து போனவங்களா, சமையல்காரர், ஓட்டுநர், சிக்னல், மருத்துவம் எல்லாம் சேர்த்தா?

முதல்ல போனது செகந்திராபாத்தைச் சேர்ந்த 54வது காலாட்படை டிவிஷன். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துல இறங்கினப்ப சில ஆயிரம் பேர், முழு டிவிஷன்கூட இல்ல. உச்சத்துல 54, 36, 57, 4வது மலைப்படைன்னு நாலு டிவிஷன். எழுபது எண்பதாயிரம்னு சொல்றது இந்தக் கட்டத்தை. லட்சம்னு சொல்றவர் பெரும்பாலும் சுழற்சியில போனவங்களையோ, கடற்படை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப்.பையோ சேர்த்துச் சொல்றார். ஆக ஒருத்தரும் பொய் சொல்லலைன்னாலும் நாலு பதில் வரும்.

அடுத்து ஏட்டுக் கணக்கு. ஒரு டிவிஷன்ல 3 பிரிகேட், பிரிகேடுக்கு 3 பட்டாலியன், பட்டாலியனுக்குச் சுமார் 800 பேர். நாலு டிவிஷனுக்கு 36 பட்டாலியன், 28,800 பேர். இதுல விடுப்பு, நோய், முகாம் காவல், சாலைக் காவல் கழிச்சுப் பாருங்க. 80,000ங்கிற எண்ணுக்குள்ள நடந்து ரோந்து போற ஆள் எவ்வளவு கம்மின்னு புரியும். அவங்க காக்க வேண்டிய வடகிழக்கு எட்டு மாவட்டம், 1991ல பிரிக்கிறதுக்கு முன்ன இருந்த நம்ம பழைய தஞ்சாவூர் மாவட்டம் மாதிரி பரப்புல ரெண்டு மடங்குக்கும் மேல.

ஆனா "ஆள் பத்தல"ங்கிறதை அப்படியே ஏத்துக்காதீங்க. ஒப்பந்த வாசகத்தைப் பாருங்க: கையெழுத்தாகி 48 மணி நேரத்துல சண்டை நிறுத்தம், அதுலேர்ந்து 72 மணி நேரத்துல ஆயுத ஒப்படைப்பு முடியணும். மொத்தம் அஞ்சு நாள். புலிகள் கையெழுத்துப் போடாத தாள்ல அவங்களுக்கு அஞ்சு நாள் கெடு. படையின் அளவு இந்தக் கணக்கை நம்பிப் போட்டது. காவல் வேலைக்குப் போனவங்க அக்டோபர்ல நகரச் சண்டைக்குள்ள தள்ளப்பட்டாங்க. கூடுதல் பிரிகேடுகள் பலாலியில இறங்க இறங்கக் களத்துக்குப் போச்சு. அக்டோபர் 11 இரவு யாழ் பல்கலைக்கழக மைதானத்துல ஹெலிகாப்டர்ல இறங்கின 13வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி அணியைப் பாருங்க. முதல் நடையில 30 பேர். எதிர்ல காத்திருந்தவங்க சுட்டதுல ஹெலிகாப்டர்கள் அடிபட்டு, மிச்சப் பேர் வந்து சேரவே இல்ல. 29 பேர் செத்தாங்க, ஒருத்தர் பிடிபட்டார். செகந்திராபாத்துல இன்னும் பத்தாயிரம் பேர் தயாரா நின்னிருந்தாலும் அந்த இரவு மாறியிருக்காது. தப்பு உளவுத் தகவல்லயும், ஒரே இடத்துல திரும்பத் திரும்ப இறக்குற திட்டத்துலயும் இருந்துச்சு.

அப்புறம், ஒரு டிவிஷன் நாலாச்சே, சண்டை முடிஞ்சுதா? மொத்தத்துல நம்ம பக்கம் சுமார் 1,200 பேர் செத்தாங்க.

வெட்டாறு:

குடமுருட்டி அண்ணன் கொடுத்த தேதியெல்லாம் சரி. ஆனா அதைக் கேட்டுட்டு தி.மு.க. பக்கத்துல ஒண்ணுமே இல்லைங்கிற மாதிரி ஆயிடக் கூடாது. திரும்பி வந்த படைக்கு 1990 மார்ச்ல சென்னையில நடந்த வரவேற்புக்கு முதல்வர் கலைஞர் போகல, தமிழரைக் கொன்ன படையை வரவேற்க மாட்டேன்னு வெளிப்படையாவே சொன்னார். அதைச் சரின்னு வாதாடலாம் (1987 அக்டோபர்ல யாழ் ஆஸ்பத்திரியில நோயாளிகளும் டாக்டர்களும் செத்தது, 1989 ஆகஸ்ட்ல வல்வெட்டித்துறையில பொதுமக்கள் செத்தது, ரெண்டையும் யாராவது கட்டாயம் எடுப்பாங்க). தப்புன்னும் வாதாடலாம். ஆனா அது படை கிளம்பின பிறகு எடுத்த நிலைப்பாடு, வாபஸ் முடிவு இல்ல. இந்த ரெண்டையும் பேச்சாளர்கள் ஒட்டவச்சுடுவாங்க. கேட்கிறவங்களுக்குத் தையல் தெரியாது.

இன்னொரு ஒட்டு வேலை: 1990 ஜூன்ல கோடம்பாக்கத்துல ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபா கொலை, 1991 ஜனவரி 30ல தி.மு.க. ஆட்சிக் கலைப்பு, 1997ல ராஜீவ் கொலையை விசாரிச்ச ஜெயின் கமிஷனோட இடைக்கால அறிக்கை வந்து குஜ்ரால் அரசு விழுந்தது. இது தமிழ்நாட்டுச் சட்டம் ஒழுங்கு பத்தின வழக்கு. படை எண்ணிக்கையோட கலந்தா விவாதம் விடிய விடிய ஓடும், முடிவு வராது. "அந்தத் தலைப்புக்குத் தனி ஞாயிறு"ன்னு வெட்டிடுங்க.

யாராவது ரொம்பத் துள்ளினா, நம்ம ஒரத்தநாட்டுலயே ப்ளாட்ங்கிற ஈழ ஆயுத இயக்கத்துக்குப் பயிற்சி முகாம் இருந்துச்சே, அது யார் ஆட்சியில, டெல்லிக்குத் தெரியாமலான்னு கேளுங்க. ரெண்டு வரிசையும் கொஞ்ச நேரம் உட்காரும்.

பாமணியாறு:

நல்லாப் பிடிபட்டுச்சு. ஒண்ணு மட்டும்: 1987 அக்டோபர்ல சண்டைக்குப் போன முடிவை யார் தலையில வைக்கிறது? கட்சிக்காரங்க இதை மட்டும் ஒரே வரியில தாண்டிடுறாங்க.

அரசலாறு:

தாண்டத்தான் செய்வாங்க, அதுல ஓட்டு இல்ல.

அக்டோபர் 3ல குமரப்பா, புலேந்திரன் உட்பட புலிகள் 17 பேரை இலங்கைக் கடற்படை கடல்ல பிடிச்சுச்சு. பலாலியில வச்சிருந்தாங்க. கொழும்புக்குக் கொண்டுபோயே தீரணும்னு இலங்கை அரசு நின்னது. 5ம் தேதி 12 பேர் சயனைடு கடிச்சுச் செத்தாங்க. அஞ்சே நாள்ல போர். அந்த நாட்கள்ல முடிவு எடுத்த இடங்கள்: பிரதமர், ராணுவத் தளபதி சுந்தர்ஜி, கொழும்புத் தூதர் ஜே.என்.தீக்ஷித், ஒட்டுமொத்தப் படைத் தளபதி திபீந்தர் சிங், களத்துல 54வது டிவிஷனுக்கு ஹர்கிரத் சிங். இதுல ஒருத்தருக்கு மேல ஓய்வுக்கப்புறம் நினைவுக் குறிப்பு எழுதியிருக்காங்க, ஒருத்தர் எழுத்து இன்னொருத்தர் மேல பழி போடும். அதை மேற்கோளா வாசிக்கிறவர்கிட்ட "எழுதினவர் அன்னிக்கு எந்தப் பொறுப்புல இருந்தார்?"னு மட்டும் கேட்டுக்கோங்க. ரெண்டு குறிப்பும் ஒத்துப்போற இடத்தை எடுத்துக்கலாம். ஒத்துப்போகாத இடத்தை இன்னார் கூற்றுன்னு சொல்லி வையுங்க.

ஆவணம் கையில வேணும்னா ஒப்பந்தத்தோட இணைப்பை அச்செடுத்துக்கோங்க, 6வது பத்தி. தேவைப்பட்டா இலங்கை ஜனாதிபதி இந்திய அமைதிப்படையை அழைக்கலாம்னு இருக்கும். எத்தனை பேர், எத்தனை மாசம் எதுவும் கிடையாது. அழைக்கிற உரிமை கொழும்புக்குன்னு எழுதினதாலதான் பிரேமதாசாவால போகச் சொல்ல முடிஞ்சுது. கூடவே அதே நாள்ல ராஜீவ் அப்போதைய இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனாவுக்கு எழுதின கடிதமும் வேணும். திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு, அந்நிய வானொலி எல்லாம் அதுலதான் இருக்கு.

எண்களுக்கு நாடாளுமன்ற மின்னூலகத்துல 1987 கடைசியிலிருந்து 1990 வரை கேள்வி-பதில் பகுதியைத் தேடுங்க. கட்சிப் பெயர் போட்டா ஒண்ணும் கிடைக்காது; அமைச்சர் பெயர், "ஸ்ரீலங்கா", தேதி இந்த மூணையும் போடுங்க. ஒரு பதில்ல செத்தவங்க மட்டும் இருக்கும், இன்னொண்ணுல காயம்பட்டவங்களையும் சேர்த்த "இழப்பு" இருக்கும். எந்தத் தேதி வரைக்கும்னு ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் எழுதி வச்சுக்குங்க, இல்லேன்னா ஞாயித்துக்கிழமை உங்க தாளையே ரெண்டு தரப்பும் வாங்கி வாசிக்கும்.