1969 பீட்டில்: கதவு ரப்பர் மாற்றுவது குறித்து ஆலோசனை தேவை

செந்தூல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தோட்ட மருத்துவமனையில் டிரசராக (மருத்துவ உதவியாளராக)ப் பணியாற்றிய என் தந்தையார் இரண்டாம் கையாக வாங்கிய 1969 ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1500 இப்போது என் பராமரிப்பில் இருக்கிறது. இயந்திரத்தில் குறை ஒன்றுமில்லை, மழைதான் பிரச்சினை. நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பதால் வண்டி கூரையில்லாத இடத்தில்தான் நிற்கிறது. மாலையில் இடியோடு கொட்டித் தீர்க்கும் மழைக்குப் பிறகு கதவைத் திறந்தால், ஓட்டுநர் பக்கத்துக் கம்பளத்தைப் பிழிந்தே ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துவிடலாம்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பரைத் தொட்டால் விரலில் கரி போல ஒட்டுகிறது. மேல் மூலைகளில் குறுக்குக் குறுக்காக வெடித்திருக்கிறது. பூட்டுப் பக்கத்துக் கீழ் மூலையில் அப்பளம் போலத் தட்டையாகிவிட்டது. சென்ற ஆண்டு ஒரு பட்டறையில், மீட்டர் கணக்கில் விற்கும் பொதுவான ரப்பர் பட்டையை இடது கதவில் ஒட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்தக் கதவை ஓங்கி அறைந்தால்தான் பூட்டு விழுகிறது. மூன்றே மாதத்தில் மேல் மூலையில் பசை விட்டுப்போய்ப் பட்டை தொங்கத் தொடங்கியது. ஒரு நாள் அது என் மனைவியின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டதிலிருந்து அவர் அந்தப் பக்கம் உட்கார மறுக்கிறார்.

இம்முறை இரண்டு கதவுகளுக்கும் சரியான ரப்பரை வாங்கி நானே மாற்றலாம் என்று எண்ணுகிறேன். எந்த ரப்பர், எந்தப் பசை, எங்கிருந்து ஒட்டத் தொடங்குவது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஜெலுத்தோங் பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கார்களைத் தட்டி நிமிர்த்திச் சாயம் பூசும் பட்டறை வைத்திருந்தவன் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். ரப்பர் வாங்க இன்றைக்கே கடைக்கு ஓடாதீர்கள். கதவு கோணலாகத் தொங்கினால் எவ்வளவு நல்ல ரப்பரைப் போட்டாலும் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும்.

கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கும் முனையை இரு கைகளாலும் மேலே தூக்கிப் பாருங்கள். ‘டக்’கென்று ஓர் ஆட்டம் தெரிந்தால் கீலின் ஊசி தேய்ந்துவிட்டது என்று பொருள். பீட்டிலின் கீல் தலையில் எண்ணெய் விடுவதற்கென்றே ஒரு சிறு துளையும் அதை மூட ஒரு நெகிழிக் குமிழும் உண்டு; அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல் வண்டி கைமாறிக்கொண்டே வந்திருக்கும். ஊசி தேயத் தேயக் கதவின் பின்முனை தாழ்ந்து, மேலே இடைவெளி விரிந்து, கீழே ரப்பர் நசுங்கும். பூட்டுப் பக்கத்துக் கீழ் மூலையில் ரப்பர் அப்பளமாகிவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனம் அங்கேதான் போனது. கீலைப் பிடித்திருக்கும் பெரிய நட்சத்திரத் தலைத் திருகாணிகள் துருவில் இறுகிக் கிடக்கும். சாதாரணத் திருப்புளியால் முயன்றால் தலை வழுவிவிடும், பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் நாள் இரவே துருவிளக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் தட்டத் தட்டத் திரும்பும் இம்பேக்ட் திருப்புளியைப் பயன்படுத்துங்கள். எதையும் தளர்த்துவதற்கு முன் கீலின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதை நான் எத்தனையோ பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கோடு போடாமல் கழற்றிவிட்டு மாலை வரை கதவோடு மல்லுக்கட்டியவர்களே அதிகம்.

கதவு நேரான பிறகு, ரப்பர் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று பார்க்க வேண்டும். ரப்பர் மீது முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, கதவை மெல்லச் சாத்தித் திறந்தால், எதிர்ப்பக்கத் தகரத்தில் வெள்ளைக் கோடு பதிந்திருக்கும். கோடு அறுந்த இடம்தான் ஓட்டை. (சாமி மாடத்துத் திருநீற்றை எடுத்துத் தூவி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவனும் நான்தான்.) தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனையே, ஆனால் ஒரு ரிங்கிட் நோட்டு நெகிழியால் ஆனது, எங்கே வைத்தாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நாளிதழ்த் துண்டை வையுங்கள்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. நீங்கள் கைவிளக்கோடு உள்ளே உட்கார்ந்துகொள்ளுங்கள். வெளியே ஒருவர் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சாமல், மெல்ல வழியும்படி, கதவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சாணாக மேலே ஏற்றிக்கொண்டு வரட்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா வழியிலும் ஓடி, எந்த வழியாக நுழைந்தது என்று உங்களால் சொல்லவே முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கதவுக்குள் மழைநீர் இறங்குவது குறையல்ல. கண்ணாடியை ஒட்டி வழியும் நீர் கதவின் வயிற்றுக்குள் விழுந்து, அடியிலுள்ள வடிதுளைகள் வழியாக வெளியேறும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். அத்துளைகள் இலைச்சருகாலும் பழைய சாயத்தாலும் அடைபட்டாலோ, உட்பலகைக்குப் பின்னால் இருக்க வேண்டிய நெகிழித்தாளை யாரேனும் கிழித்து எறிந்திருந்தாலோ, நீர் கம்பளத்துக்கு வரும். பழி ரப்பர் மீது விழும். ஈரக் கம்பளத்தை அப்படியே விட்டுவைக்கவும் வேண்டாம். பீட்டிலில் கதவுக்குக் கீழே ஓடும் உள்ளீடற்ற சட்டம்தான் வெப்பக்காற்றுக் குழாயும் வண்டிக்கு வலுக்கொடுக்கும் பகுதியும். அது துருத்துவிட்டால் செலவு ரப்பரோடு நிற்காது.

பத்து காஜா அங்கிள் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. என் பழைய ஜப்பானியக் காருக்கு, ஹாஃப் கட் கடையில் (வெட்டிப் பிரித்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையில்) கிடந்த வேறொரு வண்டியின் ரப்பரை வாங்கி, கதவு நிலையின் விளிம்பில் கையால் அழுத்திச் செருகினேன். பசையே தேவைப்படவில்லை. ஆறு ஆண்டுகளாக ஒரு சொட்டும் இறங்கவில்லை.

ஜெலுத்தோங் பட்டறைக்காரர் எழுதியது:

அங்கிள், உங்கள் வண்டியில் ரப்பரைக் கவ்விக்கொள்ள நிலையில் ஒரு தகர விளிம்பு இருக்கிறது. பீட்டிலில் ரப்பர் கதவிலேயே, அதற்கென்று உள்ள பள்ளத்தில் பசையால் ஒட்டப்படுகிறது. மூலை வளைவுகளும் அச்சில் வார்த்தே வருவதால் இடதும் வலதும் வேறு வேறு. தம்பியின் இடது கதவில் ஒட்டிய பொதுப்பட்டை உருண்டையாகவும் தடித்தும் இருந்திருக்கும். அதனால்தான் அறைந்து சாத்த வேண்டியிருந்தது.

வாங்கும்போது கிராண்டில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) உள்ள ஆண்டை மட்டும் நம்பிவிடாதீர்கள் தம்பி. ஃபோக்ஸ்வேகனின் மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும். பின்னிருக்கையைத் தூக்கினால் நடுமேட்டில் சட்ட எண் (சேசிஸ் நம்பர்) பொறித்திருக்கும். அது 119 என்று தொடங்கினால்தான் 1969 மாடல், 118 என்றால் 1968. அந்த எண்ணைக் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள். விலை குறைந்தவற்றை நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பல விறைப்பாக இருந்து, கதவைச் சாத்தவே பெரும்பாடாக்கின.

கிள்ளான் ரப்பர் எழுதியது:

வணக்கம். ரப்பர்ப் பொருள்கள் செய்யும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை செய்தவன் என்ற முறையில், பொருளையும் பசையையும் பற்றிச் சிறிது சொல்கிறேன்.

உங்கள் பழைய ரப்பர் மூலைகளில் மட்டும் வெடித்திருப்பதற்குக் காரணம் வெயில் மட்டுமன்று. இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அவற்றை வெட்டும். ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால் அந்த வெட்டு திறந்துகொண்டு வெடிப்பாக வளரும். அதனால்தான் வெடிப்புகள் இழுவிசைக்குக் குறுக்காகவே ஓடுகின்றன. ஒட்டியவர் மூலையில் ரப்பரை இழுத்துப் பிடித்து ஒட்டியிருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரின் முதுகுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஓசோனும் வெயிலும் அதை எளிதில் ஒன்றும் செய்வதில்லை. நம் பாட்டன்மார் பால்வெட்டிய நாட்டில் இருந்துகொண்டு, மரத்திலிருந்து வராத ரப்பரைத் தேடி வாங்கச் சொல்வது எனக்கே சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவுக்கு அதுதான் சரி. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். பளபளப்புக்காகக் கிரீஸோ வாசலினோ தடவ வேண்டாம். சிலிக்கோன் கிரீஸைத் துணியில் தொட்டு மெல்லப் பூசினால் போதும், அதுவும் ஒட்டும் வேலை முழுவதும் முடிந்த பிறகு.

பசைக்கு, குளோரோபிரீன் வகைத் தொடுபசை அல்லது கதவு ரப்பருக்கென்றே விற்கும் 3எம் பசை ஏற்றது. சிலிக்கோன் பசையைத் தொடவே வேண்டாம். புளிக்காடி நாற்றம் அடிக்கும் வகை இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், பின்னால் அந்த இடத்தில் சாயமும் நிற்காது. பழைய பசையை நெகிழிச் சுரண்டியால் எடுத்து, மிச்சத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, இறுதியாக ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். தின்னர் வேகமாக வேலை செய்யும், ஆனால் சாயத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அடியில் துரு தெரிந்தால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, அது நன்றாக இறுகும் வரை சில நாள் பொறுத்திருங்கள். புதிய பூச்சின் மேல் உடனே ஒட்டினால் பசை பூச்சைத்தான் பிடித்துக்கொள்ளும், தகரத்தை அல்ல.

நம் ஊரில் பலர் தோற்பது நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். தொடுபசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். பசை காய்ந்துவிட்டதைப் போலத் தோன்றும், ஆனால் பிடிக்காது. உங்கள் இடது கதவுப் பட்டையை மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஒட்டியிருந்தால் அது மூன்று மாதம் தாங்கியதே பெரிது. காலை பத்து மணிக்கு மேல், மழைக்கு முன், நிழலில் செய்யுங்கள். கதவிலும் ரப்பரிலும் மெல்லிய பூச்சாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்து அழுத்துங்கள்.

ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் ஒரு முறை முழுவதும் பொருத்திப் பாருங்கள். முதலில் அச்சில் வார்த்த மூலைகளை அவற்றுக்குரிய இடத்தில் பதித்து, பிறகு நேரான பகுதிகளுக்கு வாருங்கள். இழுக்கவே கூடாது, மாறாக, நேர்ப்பகுதியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக நெருக்கித் தள்ளி ஒட்டுங்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் சில வாரங்களில் பழைய நீளத்துக்குச் சுருங்கி மூலையை விட்டு விலகும்.

செந்தூல்வாசி எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து வருகிறேன். அனைவருக்கும் நன்றி.

சட்ட எண் 119 என்றே தொடங்கியது. வலது கதவைத் தூக்கிப் பார்த்தபோது, ஐயா எழுதியபடியே ‘டக்’கென்று ஆடியது; கீல் ஊசிகளை மாற்றினேன். ஒரு திருகாணியின் தலை வழுவியேவிட்டது, அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. ரப்பரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கீழ்த்தளத் தூண் நிழலில் ஒட்டினேன். ஒரு கதவுக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது, அதில் பாதிக்கு மேல் பழைய பசையைச் சுரண்டுவதிலேயே போயிற்று. முதல் வாரம் கதவுகள் இறுக்கமாகவே இருந்தன. பூட்டு மாட்டும் தகட்டை நகர்த்தலாமா என்று கை துறுதுறுத்தாலும் பொறுத்துக்கொண்டு, இரவெல்லாம் கதவுகளை முழுவதும் சாத்தியே வைத்திருந்தேன். இப்போது தானாகவே இளகிவிட்டது. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுச் சாத்தினால் காது அடைக்கிறது.

இடது பக்கம் சொட்டுக்கூட இல்லை. வலது பக்கத்தில் பவுடர்க் கோடு ஓரிடத்திலும் அறுபடவில்லை, ஆனாலும் தண்ணீர்ச் சோதனையில், குழாய் கண்ணாடியின் உயரத்துக்கு வந்ததும் உட்பலகையின் அடியிலிருந்து கசிவு தொடங்கியது. பலகையைக் கழற்றிப் பார்த்தால், முன்னால் உள்ள முக்கோணக் கண்ணாடியின் கீழ் மூலை ரப்பரில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பின்னால் நெகிழித்தாளே இல்லை. வடிதுளைகளில் இரண்டு களிமண்ணால் அடைத்தாற்போல் இருந்தன. துளைகளைக் குத்தித் திறந்துவிட்டேன். முக்கோணக் கண்ணாடியின் ரப்பரை, சட்டத்தைக் கழற்றாமல் மாற்ற முடியுமா?

ஜெலுத்தோங் பட்டறைக்காரர் எழுதியது:

முடியாது தம்பி. பெரிய கண்ணாடியை இறக்கி, சட்டத்தோடு வெளியே எடுத்துத்தான் மாற்ற வேண்டும். அது ஒரு முழுநாள் வேலை, உதவிக்கு இன்னொருவர் வேண்டும். மழைக்காலம் முடியும் வரை அதைத் தள்ளிப்போடலாம். இப்போதைக்குத் தடித்த நெகிழித்தாளைக் கதவின் அளவுக்கு வெட்டி உட்பலகைக்குப் பின்னால் ஒட்டுங்கள். அதன் அடிவிளிம்பைப் பலகையின் பக்கம் தொங்கவிடாமல், கதவின் கீழே உள்ள திறப்புக்குள் மடித்துச் செருக வேண்டும். அப்படிச் செய்தால் ஓட்டை வழியே வரும் நீர் கதவுக்குள்ளேயே விழுந்து, நீங்கள் திறந்துவிட்ட துளைகள் வழியாகத் தரையில் சொட்டிவிடும்.