50 போர் (உள்விட்டம்) சிலிண்டர் 90 கிலோ தூக்கவில்லை, கணக்கில் எங்கே தப்பு?

பெங்களூரு பீன்யாவில் சின்ன ஒர்க்‌ஷாப். மேலே தொங்கவிட்ட நியூமேட்டிக் (காற்றழுத்த) சிலிண்டர் ராடை உள்ளே இழுத்து, ஜாப்போடு (வேலைப் பொருளோடு) சேர்த்து 90 கிலோ பிக்சரை (ஜாப்பைப் பிடிக்கும் தாங்கியை) தூக்க வேண்டும். போர் 50 மி.மீ., காற்று 6 பார். 3.14 × 25 × 25 = 1963 சதுர மி.மீ. 6 பார் என்பது சதுர மி.மீ.க்கு 0.6 நியூட்டன், அதால் பெருக்கினால் 1178 நியூட்டன், அதாவது 120 கிலோ. 30 கிலோ மிச்சம் இருக்கிறதே என்று மாட்டிவிட்டேன். காலையில் முதல் ஆளாக வந்து ஓட்டினால் முக்கி முனகி ஏறுகிறது. பத்து மணிக்கு மேல் இரண்டு விரல்கடை எழும்பி, நடுங்கி, அப்படியே நிற்கிறது. முதலாளி சிலிண்டரே டூப்ளிகேட் என்கிறார். சோப்பு நீர் தடவிப் பார்த்தேன், எங்கும் குமிழி இல்லை.

பதில் 1: தம்பி, நீங்கள் போட்டது தள்ளும் பக்கத்துக் கணக்கு. இழுக்கும்போது ராட் அடைத்துக்கொள்ளும் இடத்தில் காற்று அழுத்தாது, அதைக் கழிக்கணும். ராட் 20 மி.மீ. என்றால் 314 போக மிச்சம் 1649. 6 பாரில் 990 நியூட்டன், 101 கிலோதான். சரி, அந்த 6 பாரை எங்கே பார்த்தீர்கள்?

கேட்டவர்: ராட் 20தான் அண்ணா. 6 பார் கம்ப்ரசர் கேஜில் பார்த்தது. இப்போது மெஷின் ரெகுலேட்டரில் பார்த்தேன், மற்ற மெஷின்கள் ஓடும்போது முள் 5இல் நிற்கிறது.

பதில் 1: 5 பாரில் 84 கிலோ. சீல் உராய்வு வேறு. எப்படி ஏறும்? காலையில் லைனில் வேறு யாரும் இல்லை, அதனால் ஏறுகிறது. 63 போர் போடுங்கள். ராட் அதே 20. 5 பாரில் 143 கிலோ இழுக்கும், உங்கள் சுமை அதில் 63 சதவீதம். மெதுவாக ஏறினால் போதுமென்றால் இதுவே சரி. சடாரென எழணும் என்றால் 80 போர்.

பதில் 2: ஹைட்ராலிக்கில் (எண்ணெய் அழுத்தத்தில்) இதே 50 போர் 100 பாரில் 2 டன் தள்ளும்!

பதில் 1: தள்ளும் சார். இந்த ஒரு பிக்சருக்காகப் பவர் பேக்கும் (எண்ணெய் பம்ப் யூனிட்), தரையெல்லாம் எண்ணெயும் யாருக்கு வேண்டும்?

பதில் 3: சோப்பு நீரில் வெளிக்கசிவு மட்டும்தான் தெரியும். பிஸ்டன் சீலைப் பார்க்க, பிக்சருக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, ராட் பக்கம் காற்று விட்டு, மேல் டியூபைக் கழற்றுங்கள். விடாமல் காற்று சீறினால் சீல் போச்சு. அப்புறம், ராட் பக்கப் போர்ட்டிலேயே (காற்று நுழையும் துளையிலேயே) பைலட் செக் வால்வு போடுங்கள், டியூப் போனாலும் உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். அது இல்லாமல் டியூப் பிய்ந்தால் 90 கிலோவும் கையில்தான் விழும்.

கேட்டவர்: பார்த்துவிட்டேன், சீறல் இல்லை. 63 போரும் செக் வால்வும் ஆர்டர் போடுகிறேன். பழைய மவுண்டிங்கே பொருந்துமா?

பதில் 1: ஐஎஸ்ஓ 15552 தர அளவில் வந்த சிலிண்டர்தானே? அப்படியானால் துளை இடைவெளி 46.5 மி.மீ.யிலிருந்து 56.5 ஆகும், பிளேட்டில் புதிதாகத் துளை போடணும். ராட் முனை மரை இரண்டுக்கும் எம்16 × 1.5, அதை அப்படியே மாட்டலாம்.