நூறு வயதிலும் மாரத்தான் ஓடிய ஃபௌஜா சிங்கை நேரில் பார்த்தவர்கள் யாராவது?

2025 ஜூலை 14 அன்று, பஞ்சாபில் தன் சொந்த ஊரான பியாஸ் பிண்டில் சாலையில் வாகனம் மோதி இறந்துபோனார். 114 வயது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ்காரர்கள் அவருடைய சாதனையைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்டன் பாஸ்போர்ட்டில் 1911 ஏப்ரல் 1 என்று தெளிவாக இருந்தது. எனக்கு அதுவே போதும். லண்டன் பக்கம் இல்ஃபோர்டில் நான் குடியிருந்தபோது இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஓடவில்லை, சும்மா நடந்துகொண்டிருந்தார். அந்த நடைக்கே என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. எனக்கு அப்போது 34.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

— ரொறன்ரோவிலிருந்து:

2011 ஒக்ரோபர் 16, வோட்டர்ஃப்ரொன்ட் மரதன். முடிவுக் கோட்டுப் பக்கம் தொண்டராக நின்றேன். நல்ல காற்று. பின்னேரமாகிவிட்டதால் தடுப்புக் கம்பிகளைக் கழற்றி அடுக்கத் தொடங்கிவிட்டோம், விளம்பரப் பதாகைகளும் இறங்கிக்கொண்டிருந்தன. அப்போதுதான் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக அவர் வந்தார். கால் இரண்டும் முருங்கைக்காய் மாதிரி. சின்ன வயதில் ஊரில் பட்டப்பெயரே ‘டண்டா’, அதாவது தடி, என்று பிறகு வாசித்தேன். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி வந்த மனிதர். கையிலிருந்த கம்பியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். 2009இல் அண்ணாவை இழந்த பிறகு ஸ்காபரோ வீட்டில் ரிவிக்கு முன்னால் உட்கார்ந்தவர்தான், டொக்ரரிடம் போவதற்கு மட்டும் எழும்புவார். 100 வயது என்றேன், அசையவில்லை. 42 கிலோமீற்றர் என்றேன், ‘ம்’ என்றார். 1994இல் மகன் குல்தீப்பைப் பறிகொடுத்த துக்கத்தில்தான் ஓட்டத்தைப் பிடித்தாராம், முதல் மரதன் 2000இல் லண்டனில், 89 வயதில் என்றதும் ரிவிச் சத்தத்தைக் குறைத்தார்.

“பெடியன் போன பிறகோ?”

“ஓம் அப்பா.”

அதோடு பேச்சு நின்றுவிட்டது. அடுத்த கிழமை என்னுடைய பழைய சப்பாத்தைக் காணவில்லை. பார்த்தால் அப்பாவின் காலில், முனையில் கடதாசி திணித்து. வாசலுக்கு வெளியே லிஃப்ட் மட்டும் போய்த் திரும்பி, மறுபடி லிஃப்ட் மட்டும் போய்க்கொண்டிருந்தார். அவர் இன்றுவரை ஓடியதில்லை. பனிக்காலத்திலும் நடக்கிறார்.

— சென்னையிலிருந்து:

நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் எங்கள் ஓட்டக் குழுவில் அவர் பெயர் அடிபடாத வாரமில்லை. பயிற்சியாளர் ஹர்மந்தர் சிங்கிடம் முதல்முறை வந்தபோது கோட்டு சூட்டோடு வந்து நின்றாராம். மாரத்தான் என்றால் 26 கிலோமீட்டர் என்று வேறு நினைத்திருக்கிறார். 26 மைல் என்று புரிந்தது அப்புறம்தான்!

61 வயதில் குழுவில் சேர்ந்த அண்ணன் ஒருவர் இந்தக் கதையைச் சொல்லியே ஆள் பிடிப்பார். “ஷூ இல்லையேன்னு யோசிக்காதீங்க சார், வேட்டியிலயே வாங்க. அவரு கோட்டுலயே வந்தாரு.” போன மாதம் ஒருவர் நிஜமாகவே வேட்டியில் வந்துவிட்டார். மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று கிலோமீட்டர்.