ஜெராக்ஸ் கடை செய்யாத டிஜிட்டல் புராஜெக்ட் வேண்டும்: 3, 4, 5ஆம் வகுப்புக்கு யோசனை சொல்லுங்கள்

தென்பெண்ணைக்கரை டீச்சர்

வணக்கம். கடலூருக்கு வடக்கே ஆற்றங்கரையோரம் ஒரு ஈராசிரியர் பள்ளி. மூன்று வகுப்பும் என்னிடம், மொத்தம் 31 பிள்ளைகள். கையில் இருப்பது அரசு கொடுத்த டேப் ஒன்று, என் சொந்த போன், வாரத்தில் நாலு நாள் வேலை செய்கிற நெட்.

போன வருடம் "நம்ம ஊர்" என்று டிஜிட்டல் புராஜெக்ட் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வந்ததைப் பார்த்தால் பதினெட்டுப் பேருக்கும் ஒரே போஸ்டர்! அதே நீல பார்டர், அதே சில்வர் பீச் படம், பெயர் மட்டும் வேறு. விசாரித்தால் பஸ் ஸ்டாப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நாற்பது ரூபாய் கொடுத்தால் அடித்துத் தருகிறார்களாம். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, கேட்ட நான் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். இன்னொரு பையன் மட்டும் ஒன்றுமே கொண்டு வரவில்லை, ஆனால் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு ஆறு ஊருக்குள் வந்த அன்று ஆடுகளை எப்படி மாடிக்கு ஏற்றினார்கள் என்று பத்து நிமிடம் நின்று பேசினான். அதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த முறை அந்த வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். வீட்டுக்கு எதுவும் கொடுத்து அனுப்பக் கூடாது, எல்லாம் வகுப்பிலேயே பிள்ளைகள் கையாலேயே நடக்க வேண்டும். என்ன செய்யலாம்? இன்னொரு தலைவலி, டேப் வெளியே வந்தால் ஒரே பிள்ளைதான் பிடித்துக்கொள்கிறது, மற்ற முப்பதும் வேடிக்கை பார்க்கிறது.

வில்லியனூர் மண்ணு

டீச்சர், எங்கள் பள்ளி புதுச்சேரி பக்கம். போன வருடம் ஐந்தாம் வகுப்போடு களிமண் பொம்மை வைத்து ஸ்டாப் மோஷன் செய்தோம். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ என்று ஒரு ஆப், இலவசமாகக் கிடைப்பதே போதும். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து, அவ்வளவுதான். முந்தைய படம் திரையில் மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்து எவ்வளவு நகர்த்துவது என்று பிள்ளைகளே கணக்கு போட்டுக்கொள்வார்கள். சினிமாவுக்கு ஒரு நொடிக்கு 24 படம். எங்களுக்கு 6 போதும், கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் ஓடும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கவே செய்கிறது. இருபது நொடிப் படத்துக்கு 120 தடவை எடுக்க வேண்டும். முதலில் இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுங்கள், இல்லையென்றால் "டீச்சர் இன்னும் முடியலையா" என்பதை 120 தடவை கேட்பீர்கள்.

டேப் சண்டைக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி: டேப்பை யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஸ்டூலைக் கவிழ்த்து அதன் கால்களுக்கு நடுவே நிறுத்தி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள் (ஒட்டுகிற டேப்!). ஒரு குழுவுக்கு நாலு பேர். ஒருவர் பொம்மையை நகர்த்த, ஒருவர் பட்டனைத் தொட, ஒருவர் எண்ணிக்கை எழுத, நாலாவது ஆள் "கை!" என்று கத்த. அந்தக் கத்துகிற ஆள்தான் முக்கியம். அவர் இல்லாமல் எடுத்த முதல் நாள் படத்தில் பொம்மையை விட விரல்கள்தான் அதிகம் நடித்திருந்தன. பத்துப் படத்துக்கு ஒரு தடவை வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு குழு எடுக்கும்போது மற்ற குழுக்கள் அடுத்த காட்சிக்குப் பொம்மை செய்யட்டும், யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

நாங்கள் கெடுத்துக்கொண்டதையும் சொல்கிறேன். ஜன்னலோரம் வைத்தோம், மேகம் வந்து வந்து போக, படத்தில் பகலும் இரவும் மாறி மாறி வந்தது. உள்பக்கச் சுவர் ஓரமாக வையுங்கள். ஈரக் களிமண் முக்கால் மணி நேரத்தில் காய்ந்து பசுமாட்டுக்குக் கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. ஈரத் துணி போட்டு மூடி வைக்க வேண்டும் என்று பக்கத்துத் தெருவில் சுடுமண் பொம்மை செய்கிறவர் சொல்லித்தான் தெரிந்தது. சுடுமண் பொம்மைக்குப் பேர்போன வில்லியனூரில் இருந்துகொண்டு இதைத் தெரியாமல் இருந்தோம் பாருங்கள். உங்கள் கதையில் தண்ணீர் வேறு வருகிறது, நிஜத் தண்ணீரைத் தொடாதீர்கள், நீலப் புடவைத் துண்டு ஒன்றை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விரல்கடை மேலே இழுத்தால் ஆறு ஏறும்.

ரிட்டயர்டு ஹெச்எம்

நான் கொஞ்சம் எதிராகப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாதி டிஜிட்டல் புராஜெக்ட் நடப்பதே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்குத்தான். பிள்ளை டேப்பைத் தொடுகிற மாதிரி ஒரு படம், ஹெச்எம் சிரிக்கிற மாதிரி ஒரு படம், முடிந்தது கதை. நானும் அந்தப் படங்களில் சிரித்திருக்கிறேன்.

டேப்பை எடுக்கும் முன்னால் மூன்று வாரம் தாளில் ஓட்டுங்கள் அம்மா. ஒரு ஏ4 தாளை மூன்று தடவை மடித்தால் எட்டுக் கட்டம். எட்டுக் கட்டத்தில் வெள்ளக் கதையை வரையச் சொல்லுங்கள், எழுத்து வேண்டாம். வரைந்ததை வைத்து வகுப்பில் கதை சொல்லட்டும். கேட்கிற பிள்ளைகளுக்குப் புரியாத கட்டம் எது என்று அங்கேயே தெரிந்துவிடும், அதை மட்டும் திருப்பி வரைய வேண்டும். இது முடியாமல் ஆப்பைத் திறந்தால், எந்தப் பின்னணி, எந்த ஸ்டிக்கர் என்று தேடுவதிலேயே அந்த ஒரு மணி நேரம் போய்விடும்.

ஆடு மாடிக்கு ஏறிய கதை சொன்ன பையனுக்கு முழு மார்க் போடுங்கள். கட்டம் இல்லையென்றால் நீங்களே ஒன்று கிழியுங்கள்.

உப்பங்காத்து

ஹெச்எம் சார் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் படத்துக்கு முன்னால் குரல் என்பேன். நான் டீச்சர் இல்லை, சில வருடம் சமுதாய வானொலியில் இருந்தவள், பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ரெக்கார்டிங் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எந்தப் போனிலும் இருக்கிற வாய்ஸ் ரெக்கார்டர் போதும், நெட் தேவையில்லை. எழுதத் தடுமாறுகிற பிள்ளை பேசுவதில் ராஜாவாக இருக்கும், உங்கள் ஆட்டுப் பையன் மாதிரி.

உங்கள் ஊரில் 2004 சுனாமியைப் பார்த்தவர்கள், 2011 டிசம்பர் 30 விடியக்காலையில் தானே புயலில் கூரை போனவர்கள், 2024 வெள்ளத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகளை ஐந்து பேராகப் பிரித்து, ஒரு தாத்தாவையோ ஆயாவையோ பள்ளிக்கே அழைத்துவந்து கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "பயந்தீங்களா?" என்று கேட்டால் "பயந்தேன்" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். மீனவர் குப்பம் ஒன்றில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எழுதிக்கொடுத்த கேள்வியை எல்லாம் விட்டுவிட்டு, "அன்னைக்கு அடுப்புல என்ன இருந்துச்சு ஆயா?" என்று கேட்டாள். ஆயா ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் குழம்புச் சட்டியில் ஆரம்பித்து, அது எங்கே கிடைத்தது, யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று பதினைந்து நிமிடம் நிற்கவே இல்லை. நான் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது.

ரெக்கார்ட் பண்ணும்போது ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கடல்காற்று அடிக்கிற இடமானால் மைக் இருக்கும் பக்கம் கைக்குட்டையால் மூடிவிடுங்கள். ரெக்கார்டிங்கை வெட்டி ஒட்ட, கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். எங்கே வெட்டுவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும், "இந்த இடம் போர்" என்று தயங்காமல் சொல்வார்கள்.

ஒன்று மட்டும், குரலை எழுத்தாக்க போனில் இருக்கும் குரல் தட்டச்சை நம்பாதீர்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒரு தாத்தா காற்றுப் பெயர்களைச் சொல்ல, போன் கொண்டலைக் "கொண்டை" என்று அடித்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அப்புறம் அவர்களே திருத்தினார்கள், சரி, அதுவும் ஒரு பாடம்தான்.

ஓ.டி. பையன்

கடலூர் ஓ.டி.யில் (ஓல்ட் டவுன்) வளர்ந்தவன், இப்போது சாஃப்ட்வேர் வேலை, மகள் இரண்டாம் வகுப்பு. ஓரிரு விஷயம் மட்டும்.

மூன்றாம் வகுப்புக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் போட்டுக் கொடுங்கள், கட்டளைக் கட்டங்களை அடுக்கிக் கதையை ஓட வைக்கிற ஆப். அந்தக் கட்டங்களில் எழுத்தே கிடையாது, எல்லாம் படக்குறி, அதனால் தமிழ் மீடியம் பிள்ளைக்கும் தடை இல்லை. இன்ஸ்டால் பண்ணிவிட்டால் நெட் வேண்டாம். ஒரு கதைக்கு நாலு பக்கம்தான் கொடுக்கும், ஹெச்எம் சாரின் எட்டுக் கட்டத்தைப் பாதியாகச் சுருக்க வேண்டிவரும், அதுவே நல்ல பயிற்சி. பிள்ளைகள் வரைந்த ஆட்டை கேமராவில் எடுத்து கதாபாத்திரத்துக்குள் போடலாம், சொந்தக் குரலையும் சேர்க்கலாம். படத்துக்குத் திண்டாடினால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் ஓவியங்கள் இருக்கின்றன, வரைந்தவர் பெயரைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். கூகுளில் தேடி வருகிற படத்தை எல்லாம் அள்ளிப் போடப் பழக்காதீர்கள்.

அடுத்தது கொஞ்சம் சீரியஸ். பிள்ளைகள் பெயரில் ஜிமெயில் ஆரம்பிக்காதீர்கள், 13 வயது ஆகாமல் அவர்களாகக் கணக்கு வைத்துக்கொள்ள கூகுள் விடாது. வயதைக் கூட்டிப் போடுகிற வேலையும் வேண்டாம். நம் நாட்டு 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைதான், பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் கிடக்கட்டும், முகம் தெரிகிற வீடியோவை வெளியே போடும் முன்னால் அம்மா அப்பாவிடம் ஒரு கையெழுத்து வாங்குவது நமக்கே நல்லது. களிமண் பொம்மைக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனாலேயே வில்லியனூர்க்காரர் யோசனைக்கு என் ஓட்டு.

முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

தென்பெண்ணைக்கரை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எட்டுக் கட்டத்தில்தான் ஆரம்பித்தோம். அதில் ஒரு பிள்ளை வரைந்த படத்தில் வீட்டுச் சுவரின் நடுவே ஒரு பழுப்புக் கோடு. என்ன என்று கேட்டால், தண்ணீர் நின்ற அடையாளமாம், இன்னும் இருக்கிறதாம். அதோடு என் திட்டம் மாறிவிட்டது. மூங்கில் குச்சியில் செ.மீ. குறித்துக்கொண்டு மூன்று தெரு நடந்தோம், பதினொரு வீட்டுச் சுவரில் கோடு கிடைத்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகளிலேயே ஒன்றில் 94, இன்னொன்றில் 61. ஏன் வித்தியாசம் என்று அங்கேயே வாக்குவாதம். தரை உயரம், படிக்கட்டு என்று பிள்ளைகளே வந்து சேர்ந்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு கோட்டுக்கும் அந்த வீட்டுக்காரர் குரல் ஒரு நிமிடம் எடுத்தோம், அவர்கள் சம்மதத்தோடு. அடுப்புக் கேள்வி எல்லா இடத்திலும் வேலை செய்தது. ஸ்டாப் மோஷன் ஒரு குழுதான் முடித்தது, 14 நொடி, மற்ற இரண்டு குழு பாதியில் நிற்கிறது. கேமரா எடுக்கும் முன்பே ஒரு ஆடு காய்ந்து உடைந்துபோனது, அதை உடைந்த ஆடாகவே கதையில் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது ஒரு சந்தேகம். குரல்களைப் பள்ளிச் சுவரில் கியூஆர் ஒட்டிக் கேட்க வைக்கலாம் என்று எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தில் சொன்னார்கள். ஏதோ ஒரு இணையதளத்தில் இலவசமாகச் செய்தது இரண்டு வாரத்தில் பணம் கட்டச் சொல்கிறது. என்ன செய்வது?

ஓ.டி. பையன்

அந்தத் தளம் நடுவில் தன் லிங்க்கை நுழைத்திருக்கும் டீச்சர், அதனால்தான் அதன் கையில் சாவி. க்ரோமில் குரல் ஃபைல் இருக்கிற பக்கத்தைத் திறந்து ஷேர் கொடுத்தால் அதிலேயே கியூஆர் போட வழி இருக்கிறது, அது காலாவதி ஆகாது, நீங்கள் ஃபைலை அழிக்காத வரை ஓடும். பிரிண்டுக்கு மட்டும் அந்த ஜெராக்ஸ் கடைக்கே போங்கள்.